கடைசி பஸ்ஸின் இலக்கம்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். கணினி வலையமைப்பு வேலை பார்ப்பவன். கையில் ஃபைபர் இணைப்பு, சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று. "அண்ணா, வீட்டிலிருந்தே ஒரு டோர் எக்ஸிட் நடத்தலாம் என்று பார்க்கிறேன். அது சட்டப்படி குற்றமா?" என்று கேட்டான்.

"இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டேன்.

"வீட்டுக்கார ஐயாவின் பெயரில்."

அந்த ஒரு வரியிலேயே சிக்கல் முழுவதும் இருந்தது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் பார்சல் கொடுத்துவிட்டுப் பழகியவர்களுக்கு டோர் விளங்குவது எளிது. ஒரு கடிதத்தை உறையில் போட்டு, அதை இன்னோர் உறைக்குள், அதையும் மூன்றாவது உறைக்குள் வைத்து ஒட்டுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் வாங்கும் நடத்துனருக்கு உங்கள் முகம் தெரியும். மேலுறையில் வவுனியாவில் எந்த பஸ்ஸிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. வவுனியாவில் வாங்குபவர் மேலுறையைப் பிரித்துக் குருநாகல் பஸ்ஸிடம் சேர்க்கிறார். அனுப்பியவரையும் அவருக்குத் தெரியாது, பெறுபவரையும் தெரியாது. குருநாகல்காரர் கடைசி உறையைப் பிரித்துப் புறக்கோட்டையில் உரியவர் கையில் கொடுக்கிறார். அவருக்குப் பெறுபவரைத் தெரியும். யார் எழுதியது என்பது தெரியாது.

டோர் வலையமைப்பிலும் மூன்று கைகள்தான், ரிலே எனப்படும் கைமாற்றும் கணினிகள்: நுழைவில் கார்ட், இடையில் நடு ரிலே, முடிவில் எக்ஸிட். உறைகளுக்குப் பதிலாக மறைகுறியாக்க அடுக்குகள். வெங்காயம் போல உரிப்பதால் இதற்கு ஒனியன் ரவுட்டிங் என்று பெயர் வைத்தார்கள். 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை இது. 2002இல் டோர் ஓடத் தொடங்கியது. 2006இல் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவானது. கடற்படை பெற்ற பிள்ளையை ஊடகவியலாளர்களும் கள்ளர்களும் ஒரே மடியில் வைத்துக் கொஞ்சுவது இதன் விசித்திரம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான ரிலேக்கள் ஓடுகின்றன. பெரும்பகுதி ஜேர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில். நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். எக்ஸிட்டாக இருக்கச் சம்மதிப்பவர்கள் அவர்களில் சிறுபான்மையே.

ஏன் சிறுபான்மை? கடிதத்தில் மிரட்டல் இருந்தால், புறக்கோட்டையில் வாங்கியவர் பொலிஸில் எந்த பஸ்ஸின் இலக்கத்தைச் சொல்வார்? கடைசி பஸ்ஸின் இலக்கத்தைத்தான். இணையத்தில் அந்த இலக்கம் ஐபி முகவரி. யாரோ ஒருவர் டோர் வழியாக ஒரு வங்கித் தளத்தைத் துளைக்க முயன்றாலும், படம் திருட்டுத்தனமாக இறக்கினாலும், சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைப் பரிமாறினாலும், அந்தப் பக்கத்துச் சேவையகத்தின் பதிவேட்டில் விழுவது எக்ஸிட்டின் ஐபி. அந்த ஐபியைப் பிடித்துக்கொண்டு இணைய நிறுவனத்திடம் போனால், கணக்குக்காரரின் பெயரும் வீட்டு முகவரியும் கிடைக்கும். வெள்ளவத்தையில் அந்தப் பெயர் அறுபத்தைந்து வயது வீட்டுக்கார ஐயாவுடையது. டோர் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது சட்டம். அநேக நாடுகளின் சட்டம் ரிலே நடத்துபவருக்கு எதிராக இல்லை. ஐரோப்பாவின் 2000ஆம் ஆண்டு மின்வணிகப் பணிப்புரை, வெறுமனே கடத்துபவருக்கு மூன்று நிபந்தனையில் விலக்களித்தது: பரிமாற்றத்தை நீ தொடங்கியிருக்கக் கூடாது, பெறுபவரை நீ தெரிவு செய்திருக்கக் கூடாது, உள்ளடக்கத்தை நீ தெரிவு செய்யவோ மாற்றவோ கூடாது. 2022இல் வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டமும் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்திலும் இதே போன்ற விலக்கு உண்டு. தபால்காரனைக் கடிதத்துக்காகத் தண்டிக்காதே என்பதுதான் அடிப்படை.

இலங்கையில் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரும் சட்டங்கள் மூன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் முதலாவது. அதன் குற்றங்கள் பெரும்பாலும் தெரிந்தோ வேண்டுமென்றோ செய்யப்பட்டவை. சில இடங்களில் 'நம்புவதற்குக் காரணம் இருந்தும்' என்ற சொற்களும் சேர்கின்றன. சட்டத்தரணிகள் மோதிக்கொள்ளக்கூடிய இடம் இதுவே. எக்ஸிட் வழியாகக் கெட்டதும் போகும் என்பது நடத்துபவருக்குப் பொதுவாகத் தெரியும். அந்தப் பொதுவான அறிவு ஒரு குறிப்பிட்ட குற்றத்தைப் பற்றிய அறிவாகுமா? ஆகாது என்பது என் கருத்து. வவுனியா பஸ்ஸில் ஏதோ ஒருநாள் கஞ்சா போகலாம் என்று நடத்துனருக்குத் தெரியும் என்பதற்காக, இன்றைய பார்சலில் இருந்ததை அவர் அறிந்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முறைப்பாடு கைக்கு வந்த பிறகு நிலைமை மாறுகிறது. அதற்குப் பதில் எழுதாமல் விட்டால், அடுத்த முறை 'தெரியாது' என்று சொல்வது கடினம். வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் பதில் எழுதி, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ரிலே நடத்தி அனுபவப்பட்டவர்கள் வற்புறுத்துவது மரியாதைக்காக மட்டுமல்ல.

அதே சட்டத்தில் தரவை இடைமறிப்பது தனிக் குற்றம். நல்ல எண்ணத்தோடு, 'என் எக்ஸிட் வழியாகப் போவதை நானே கண்காணித்துக் கெட்டதைத் தடுக்கிறேன்' என்று இறங்குபவர் இரண்டு தவறுகளை ஒன்றாகச் செய்கிறார்: பிறர் தரவைத் திறந்து பார்க்கிறார், கூடவே 'நான் வெறும் கடத்துபவன்' என்ற தன் வாதத்தையும் தானே உடைக்கிறார். ஒவ்வொரு வகைச் சேவைக்கும் இலக்கமிட்ட வாசல் (போர்ட்) ஒன்று உண்டு; எந்த வாசல்களுக்கு அனுமதி என்று முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்துவிட்டு மற்றவற்றை மூடுவது வேறு. டோர் மென்பொருள் மின்னஞ்சல் அனுப்பும் 25ஆம் இலக்க வாசலை இயல்பாகவே மூடி வைத்திருப்பதால், குப்பை மின்னஞ்சல் முறைப்பாடுகளில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே ஒழிந்துவிடுகிறது.

இரண்டாவது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம். தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது என்கிறது அது. அந்தச் சொற்றொடரின் வரைவிலக்கணம் தாராளமானது. மடிக்கணினியில் ஓடும் ஒரு மென்பொருளை அதற்குள் இழுப்பது அபத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் இந்நாட்டில் அபத்தமான வாசிப்புகள் முதல் நாளிலேயே தள்ளுபடியாகிவிடும் என்று எந்தச் சட்டத்தரணியும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

மூன்றாவது, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். தடைசெய்யப்பட்ட கூற்று ஒன்று தன் வழியாகப் போனதற்காக இடையீட்டாளர் பொறுப்பாகார் என்ற விலக்கு இதில் இருக்கிறது; ஐரோப்பிய நிபந்தனைகளின் சாயலும் அதில் தெரிகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஆணைக்குழுவின் கட்டளைக்கு இணங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. அகற்று என்று கட்டளை வந்தால் ரிலே நடத்துபவர் எதை அகற்றுவார்? அவரிடம் எதுவும் சேமிப்பில் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனக்கண்ணில் பேஸ்புக்கும் யூடியூப்பும் இருந்திருக்க வேண்டும். வெள்ளவத்தை மடிக்கணினி நிச்சயமாக இருந்திருக்காது.

ஆக, புத்தகத்தில் நிலைமை மோசமில்லை. வெளிநாட்டு அனுபவம் சொல்வது வேறு.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் எக்ஸிட் நடத்திய இளைஞர் ஒருவருக்கு 2014இல் மூன்று மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய எக்ஸிட் வழியாக யாரோ சிறுவர் துஷ்பிரயோகப் படங்களைப் பரிமாறியிருந்தார்கள். உடந்தையாக இருந்தார் என்பது தீர்ப்பு. எதற்கும் டோரைப் பயன்படுத்தலாம் என்ற தொனியில் அவர் வேறெங்கோ எழுதிய உரையாடல் வரிகள் அவருக்கு எதிராகத் திரும்பின. ரிலே நடத்துபவர் வாயடக்கம் பழகவேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையில்லை.

மொஸ்கோவில் கணித ஆசிரியர் திமித்ரி பகாத்தோவ் 2017 ஏப்ரலில் கைதானார். அவர் வீட்டு எக்ஸிட்டின் ஐபியிலிருந்து கலவரத்துக்கு அழைப்பு விடுக்கும் பதிவுகள் போனதாகக் குற்றச்சாட்டு. அவர் உள்ளே இருக்கும்போதும் அதே பெயரில் பதிவுகள் தொடர்ந்தன. இருந்தும் தடுப்புக்காவல், பிறகு வீட்டுக்காவல் என்று இழுத்தடித்து, 2018இல்தான் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. குற்றமற்றவர் என்ற முடிவு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

ஜேர்மனியில் 2018 ஜூனில் நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. 'வெங்காய நண்பர்கள்' என்று பொருள்படும் பெயரில் இயங்கும் சங்கம் ஒன்று, எக்ஸிட்டுகளை நடத்துவதற்காகவே பதிவானது. அதன் நிர்வாகிகளின் வீடுகளைப் பொலிஸ் சோதனையிட்டது. காரணம் எக்ஸிட்கூட அல்ல. அவர்கள் நன்கொடை சேர்த்துக் கொடுத்த ஒரு மின்னஞ்சல் சேவையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அந்தச் சோதனை சட்டவிரோதமானது என்று மியூனிக் நீதிமன்றம் பிறகு சொன்னது. சொன்னது நல்லதுதான், ஆனால் கதவைத் தட்டி, அலுமாரியைக் கிளறி, வன்தட்டுகளைக் கொண்டுபோன பிறகு சொன்னது. 2024 ஓகஸ்ட்டில் எக்ஸிட் நடத்தும் இன்னொரு ஜேர்மன் சங்கத்தின் பதிவு முகவரியும் சோதனைக்குள்ளானது. அந்த முகவரி ஒரு நிர்வாகியின் வீடு. தனிநபருக்குப் பதிலாகச் சங்கமாகப் பதிந்தால் பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், சங்கத்தின் முகவரி யாருடைய வரவேற்பறையும் இல்லாதவரை.

விசாரணையாளரை வில்லனாக்கவும் நான் விரும்பவில்லை. ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் தடயமாக ஓர் ஐபி மட்டும் கையில் இருக்கும்போது, அந்த முகவரிக்குப் போகாமல் இருப்பவர் நல்ல விசாரணையாளர் அல்லர். போகுமுன் அது டோர் எக்ஸிட்டா என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் கேள்வி. பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ரிலேக்களின் பட்டியல் பகிரங்கமானது. எக்ஸோனரேட்டர் என்ற டோரின் சேவையில் ஐபியையும் திகதியையும் கொடுத்தால், அன்று அது ரிலேயாக இருந்ததா என்பதைப் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லும். ஒரு சிறு பொறி மட்டும் உண்டு. அந்தத் திகதிகள் உலகப் பொது நேரத்தில் இருக்கின்றன. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். கொழும்பில் 12ஆம் திகதி அதிகாலை இரண்டு மணிக்கு நடந்தது, அங்கே 11ஆம் திகதி இரவு எட்டரை. விடையில் வரும் திகதியும் நேரமும் தன் கோப்பில் உள்ளவற்றோடு பொருந்தவில்லை என்று நினைக்கும் ஒருவருக்கு அதை விளக்கி வைப்பது, கணினி விடயத்தைவிட மொழிபெயர்ப்பு விடயமாக இருக்கும். அதுவும் சிங்களத்தில்.

இங்கே கொழும்புத் தமிழருக்கு ஒரு தனிப் பாரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தை எங்கள் வீடுகளில் அதன் பெயரால் யாரும் சொல்வதில்லை. 'நாலாம் மாடி' என்பார்கள். யுத்த காலத்தில் வாடகைக்கு வந்த தமிழரைப் பொலிஸில் பதிய வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் இருந்தது. யார் தங்குகிறார், ஏன் தங்குகிறார் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அதே ஜூனில்தான் தமிழ்நெட் செய்தித் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2015 வரை அது திறக்கப்படவில்லை. கணினிக் குற்றங்கள் சட்டமும் அதே வருடத்துக்குரியது. மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று நான் சொல்லவில்லை. அந்த வருடத்தைக் கண்டவர்களுக்கு, முடக்கப்பட்ட தளத்தைச் சுற்றிப்போகும் கருவி ஏன் தேவை என்பதையும், அதைத் தன் பெயரில் நடத்த ஏன் கை நடுங்குகிறது என்பதையும் தனித்தனியாக விளக்கத் தேவையில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தேவை பழங்கதையும் அல்ல. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி என்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருக்கின்றன. கடைசித் தடவை, அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தான் விபிஎன் என்ற சுற்றுவழிச் சேவை மூலம் வந்திருப்பதாகவும் இப்படியான தடைகள் பயனற்றவை என்றும் பகிரங்கமாக எழுதினார். அமைச்சரவைக்குள்ளேயே சுற்றுப்பாதை இருந்தது. விபிஎன்னுக்கு ஒரு நிறுவனத்தை நம்ப வேண்டும். டோருக்கு மூன்று அந்நியர்களை, முதலாமவரும் கடைசியானவரும் கூட்டுச் சேராதவரை, நம்பினால் போதும். அந்த அந்நியர்களில் ஒருவராக இருக்கத்தான் தம்பி ஆசைப்பட்டான்.

கணினிக் குற்றங்கள் சட்டத்தில் நம் பக்கம் பேசும் சில வரிகள் உண்டு. பொலிஸார் அவற்றை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காமல் நாமே வாசித்து வைப்பது நல்லது. விசாரணையால் கணினியின் வழமையான பாவனை குழம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பற்றுவது வழமையான தொழிலைப் பாதிக்குமானால், இடத்திலேயே பரிசோதிக்க முடியாதபோது, அல்லது குற்றத்தைத் தடுக்கவோ அழிந்துபோகக்கூடிய தகவலைக் காக்கவோ அவசியமானபோதுதான் கணினியைக் கைப்பற்றலாம். தகவலைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் ஏழு நாட்களுக்குக் கேட்கலாம். நீதவான் அதை மொத்தம் தொண்ணூறு நாட்கள் வரை நீட்டலாம். ஆனால் பாதுகாத்து வைக்க டோர் ரிலேயில் என்ன இருக்கிறது? யார் எங்கே போனார் என்ற பதிவை அது எழுதுவதே இல்லை. 'ஒன்றும் இல்லை' என்பது உண்மையான பதில். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது மறைப்பதாகவே கேட்கும்.

வீட்டில் வேண்டாம் என்றால் எங்கே? வெளிநாட்டில் வாடகைச் சேவையகம். இது என் சொந்தக் கதை. நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. ஐரோப்பாவில் மாதம் சில யூரோவுக்கு ஒரு சிறு சேவையகம் எடுத்து, எக்ஸிட் அல்லாத நடு ரிலே ஒன்றை ஓடவிட்டிருந்தேன். புதிய ரிலேக்கு வலையமைப்பு உடனே சுமை கொடுப்பதில்லை. அளந்து பார்த்து, மெல்ல நம்பி, முழு நிலைக்கு வர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். அப்படி வளர்த்தெடுத்த ரிலே. 2024 ஒக்டோபர் பிற்பகுதியில் ஒரு விடியற்காலை எழும்பினால் முறைப்பாடு: 'உங்கள் முகவரி பிறருடைய கணினிகளின் 22ஆம் இலக்க வாசலைத் தட்டுகிறது, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தருக.'

22 என்பது தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வாசல். என் ரிலே எந்த வெளித்தளத்தோடும் பேசாதது. எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, உலகெங்கும் ரிலே நடத்துபவர்களுக்கு இதே கடிதம் போயிருந்தது. யாரோ ஒருவர் டோர் ரிலேக்களின் ஐபியை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாக இட்டு, முறைப்பாட்டை இயந்திரமாக எழுதும் கண்காணிப்புக் கணினிகளை நோக்கிப் தரவுப் பொட்டலங்களை வீசியிருக்கிறார். என் பஸ் ஓடவே இல்லை. என் பஸ்ஸின் இலக்கத்தை எழுதிய தகட்டை வேறு ஒருவர் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார். நவம்பர் தொடக்கத்தில், கண்காணிப்பு நிறுவனங்களின் உதவியோடு மூலத்தைக் கண்டு நிறுத்திவிட்டதாக டோர் அமைப்பு அறிவித்தது. அதற்குள் என் சேவையகம் நிறுத்தப்பட்டிருந்தது. நான் ஒழுங்காக எழுதிய விளக்கத்தை மனிதர் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் வந்த பதிலில் என் பெயர்கூடத் தவறு.

சேவையகங்களை வாடகைக்கு விடும் ஹொஸ்டிங் தொழிலின் பொருளாதாரம் அப்படி. மாதம் ஐந்து யூரோ கொடுப்பவருக்காக ஒரு ஊழியர் அரை மணி நேரம் முறைப்பாடு வாசித்தால் நட்டம். நீங்கள் சரியா பிழையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. சட்டம் கடத்துபவருக்கு விலக்களித்தாலும், ஒப்பந்தத்தில் 'முறைப்பாடு வந்தால் நிறுத்துவோம்' என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் சட்டத்தைவிட விரைவானது. எனவே எக்ஸிட் நடத்துபவர்கள் முதலில் எழுதிக் கேட்கிறார்கள்: டோர் எக்ஸிட்டை அனுமதிப்பீர்களா, முறைப்பாடுகளை நேரே எனக்கு அனுப்புவீர்களா என்று. சம்மதித்தால் ஐபியின் பெயர்ப் பதிவிலேயே டோர் எக்ஸிட் என்று தெரியும்படி வைப்பார்கள். அந்த ஐபியை உலாவியில் திறந்தால் 'இது டோர் எக்ஸிட், இங்கே தரவு எதுவும் சேமிக்கப்படுவதில்லை' என்ற அறிவிப்புப் பக்கம் வரும்படியும் செய்வார்கள். வாசலில் பெயர்ப்பலகை தொங்கினால் தட்ட வருபவர் ஒரு நிமிடமாவது யோசிப்பார்.

கொழும்பிலேயே நடத்துவதற்கு இன்னும் எளிமையான இடைஞ்சல்கள் இருக்கின்றன. ரிலேக்கு வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி வேண்டும். கைத்தொலைபேசி இணைப்புகளில் பலர் ஒரே முகவரியைப் பகிர்வதால் அது சரிவராது. வீட்டு இணைப்புகளில் பல இன்னமும் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கில் ஓடுகின்றன. டோர் கேட்கும் ஆகக் குறைந்த அளவே மாதம் 100 ஜிபி அனுப்பவும் அதே அளவு பெறவும். நல்ல ரிலே என்றால் இரண்டு டெராபைட் என்பார்கள். தவிர, எக்ஸிட் இல்லாத ரிலேயின் ஐபியும் பகிரங்கப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கண்மூடித் தடுக்கும் தளங்கள் உண்டு. அதே வீட்டில் அம்மா வங்கித் தளத்தில் மின்கட்டணம் செலுத்தப் போய் 'அனுமதி இல்லை' என்று வரும்போது, அநாமதேயத்தின் அருமையை அவருக்கு விளக்கிப் பாருங்கள்.

தம்பிக்கு நான் ஸ்னோஃப்ளேக்கைக் காட்டினேன். உலாவியில் ஒரு நீட்சி. டோர் முடக்கப்பட்ட நாட்டில் இருப்பவரை முதல் படிக்கு ஏற்றிவிடும் தற்காலிகப் பாலம் அது. அவர் கேட்கும் தளங்களுக்குப் போவது வேறெங்கோ இருக்கும் எக்ஸிட்டிலிருந்துதான். நம் ஐபி அங்கே தெரிவதில்லை, ரிலேப் பட்டியலிலும் ஏறுவதில்லை. 2021 டிசம்பரில் ரஷ்யா டோரை முடக்கியபோதும் 2022இல் ஈரான் ஆர்ப்பாட்டங்களின்போதும் பலர் இதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். பார்சல் உவமையில், யாழ்ப்பாணத்தில் முதல் பஸ் நிற்கும் இடம் வரை ஒருவரைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது போல. தம்பிக்கு அது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. அவன் ஆசைப்பட்டது கடைசி பஸ்.

இரண்டு வாரம் கழித்துச் சந்தித்தபோது, முதலில் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். வீட்டுக்கார ஐயா கடிதம் கொடுக்குமுன் ஏன் என்று கேட்டாராம். இவன் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். பாதி விளங்கியோ விளங்காமலோ, "பழைய காலம்போல ஆரும் வந்து கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாராம். பிறகு மடிக்கணினியைத் திறந்து நீட்சியின் ஊதாச் சின்னத்தை அழுத்தினான். கடந்த 24 மணி நேரத்தில் அவன் வழியாகப் போனவர்கள்: 14.